சனிக்கிழமைக் கூலியும் கிராக் மென்பொருளும்

(திருப்பூரில், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, பிரிண்டிங், டி.டி.பி. தொழிலில் இருப்பவர்களும் டிசைன் படிக்கும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் வணக்கமுங்க.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும். மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஒன்று. அதனால் மணலில் பதிக்கிற மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, செய்கிறவர் அந்த ஒரு சதவீதத்தைக் கூட்டி வைத்துத்தான் மரத்தைச் செதுக்குவார். இன்னொருத்தருடைய பம்ப் கேசிங்கை வாங்கி வந்து, அதையே பேட்டர்னாக மணலில் பதித்து வார்த்தால், வெளியே வருகிற கேசிங் ஒரு சதவீதம் சிறுத்திருக்கும். அதைப் பார்த்து மூன்றாவது ஆள் வார்த்தால் இரண்டு சதவீதம். உள்ளே சுழலுகிற இம்பெல்லர் உட்காராது, போல்ட் துளை சேராது. காப்பி அடித்ததை இரும்பே காட்டிக் கொடுத்துவிடும்.

கணினிக் கோப்புக்கு இந்தச் சுருக்கம் கிடையாது. முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. கொடுத்தவரிடமும் முழுசாக இருக்கிறது, எடுத்தவரிடமும் முழுசாக இருக்கிறது. இன்றைக்கு நாம் பேசப்போகிற, விலை கொடுக்காமல் மென்பொருளைப் பிரதி எடுக்கிற சிக்கல் அத்தனையும் இந்த ஒரு குணத்திலிருந்து கிளம்புவதுதான்.

இதை வைத்துத்தான் இளைஞர்கள் கேட்கிறார்கள். பட்டியிலிருந்து ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் பட்டியில் ஓர் ஆடு குறையும். ஒரு மென்பொருளைப் பிரதி எடுத்தால் யாருக்கு என்ன குறைந்தது? பிறகு எப்படி இது திருட்டு? இந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. நியாயமான கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985-இல் டௌலிங் வழக்கில், அனுமதியில்லாமல் தயாரித்த இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் கடத்தும் சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதை உரிமை மீறல் என்றே சொல்கிறது.

திருட்டு என்ற சொல் சரியாகப் பொருந்தவில்லை என்பதற்காகத் தப்பே இல்லை என்று ஆகிவிடுமா? திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு சொல் நன்றாகத் தெரியும். கூலி பாக்கி. வாரம் முழுக்க ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடாமல் கதவைச் சாத்தினால், அவர் வீட்டிலிருந்து எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. கை இருக்கிறது, தொழில் இருக்கிறது. ஆனாலும் அது அநியாயம் என்று சொல்ல இந்த ஊரில் யாரும் ஒரு நொடி யோசிக்க மாட்டோம். வேலையின் பலன் இங்கே வந்து சேர்ந்துவிட்டது, கூலி அங்கே போய்ச் சேரவில்லை. "டெய்லரோடு பேச்சு வைத்திருந்தோம், மென்பொருள் எழுதியவரோடு நான் ஒன்றும் பேசவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். அவர் தன் பங்குக்குப் பேசிவிட்டார். இன்ன விலைக்குத் தருகிறேன் என்று எழுதியே வைத்திருக்கிறார். நாம்தான் விலை பேச வராமல் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு வந்தோம்.

இது எவ்வளவு வலிக்கும் என்பது கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பஞ்சிங் செய்கிறவர்களுக்கு, அதாவது படத்தை மிஷினுக்கான தையல் கோப்பாக மாற்றுகிறவர்களுக்குத் தெரியும். 10,000 ஸ்டிச் கொண்ட ஒரு நெஞ்சு லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்குப் போகிற டி.எஸ்.டி. கோப்பில் ஒரு ஸ்டிச்சுக்கு 3 பைட், தலைப்புக்கு 512 பைட். மொத்தமே சுமார் 30 கேபி. வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு போட்டோவை விடச் சின்னது. ஊசி எந்தப் பக்கம் எத்தனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர வேண்டும், எங்கே நின்று நூல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அதற்குள் இருக்கிறது. எந்த நிறம் என்பது கூட இருக்காது.

அந்த 30 கேபிக்குள் போன வேலை வேறு. பின்னல் துணி இழுபடும். வட்டமாகப் போட்ட சாட்டின் தையல், தைத்து முடிக்கும்போது நூல் ஓடும் திசையில் இழுத்துக்கொண்டு முட்டை வடிவமாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டு பஞ்சர் அந்தத் திசையில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை முன்கூட்டியே அகலம் கொடுத்திருப்பார். துணி சுருங்காமல் இருக்க அடியில் அண்டர்லே என்ற அடித்தையல் ஓட்டியிருப்பார். நூல் வெட்டு குறைவாக வரும்படி எழுத்துகளின் வரிசையை மாற்றியிருப்பார். இரண்டு சாம்பிள் ஓட்டி, சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியில் ஓட்டை விழுகிறதென்று அடர்த்தியைத் திருத்தி, மூன்றாவது சாம்பிளில் ஓகே வாங்கியிருப்பார். ஒரு நாள் வேலை. ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்று பேசி பில் போடுவார்.

மிஷின் ஓட்டுகிறவர் அந்தக் கோப்பைப் பக்கத்து யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். பஞ்சருடைய கணினியில் ஒரு பைட் கூடக் குறையவில்லை. அடுத்த ஆர்டர் அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். கொதிக்கிறதா இல்லையா? பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு அதே பெயரில் கடைக்கு வரும்போது, பவானி நெசவாளிக்கு வருகிற கொதிப்பும் இதே வகைதான்.

எடுத்தவருக்கும் அந்த டிசைன் முழுசாகப் பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.எஸ்.டி. கோப்பைப் பெரிசாக்கினால் ஸ்டிச் எண்ணிக்கை கூடாது, இடைவெளிதான் கூடும். 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் பஞ்ச் செய்ததை 20 சதவீதம் பெரிசாக்கினால் 0.48 ஆகி, நடுவில் துணி தெரியும். 20 சதவீதம் சின்னதாக்கினால் 0.32 ஆகி, நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அறுபடும், ஊசி உடையும், பனியன் துணி கிழியும். சில மென்பொருள்கள் கோப்பைத் திறக்கும்போது ஸ்டிச்சைத் திரும்பக் கணக்கிடும். அது ஊகம்தான், பஞ்சர் வைத்த அண்டர்லேயையும் அதோடு சேர்த்துக் குழப்பிவிடும்.

இப்போது அதே பஞ்சருடைய கணினியைத் திறந்து பார்ப்போம். அவர் டிசைன் போட்ட மென்பொருள், டாங்கிள் என்ற உரிமச் சாவிக் கருவியை ஏமாற்றும் கிராக், அதாவது பூட்டை உடைத்த பிரதி. அதற்கடியில் இருக்கிற விண்டோஸ், கணினியைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரர் உரிமம் இருப்பதுபோலக் காட்டப் போட்டுவிட்ட ஆக்டிவேட்டரில் ஓடுகிறது. படம் திருத்துகிற மென்பொருளும் அப்படித்தான். தன் 30 கேபிக்குக் கூலி வரவில்லை என்று கொதிக்கிற கை, இன்னொருத்தருடைய பல ஆண்டு வேலையைக் கூலியில்லாமல் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லைங்க. நம் கொங்கு நாட்டில் கூலிக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறோம். அந்த நியாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கும் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

கிராக் என்று இறக்குகிற பொருள் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று பலரும் பார்த்திருக்க மாட்டோம். ஜிப் கோப்பு, அதற்கு ஒரு பாஸ்வேர்ட், பெரும்பாலும் 1234. பாஸ்வேர்ட் எதற்கு? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். உள்ளே ஒரு குறிப்பு இருக்கும்: ஆன்டிவைரஸை அணை, இணையத்தைத் துண்டி, இந்தக் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு. பிறகு ஹோஸ்ட்ஸ் கோப்பில் நிறுவனத்தின் சர்வர் பெயரை, இதே கணினியைக் குறிக்கிற 127.0.0.1 என்ற முகவரிக்குத் திருப்பிவிடு. வீட்டு வாசலில் படுத்திருக்கிற நாயைக் கட்டிப்போட்டு, சாவியையும் கொடுத்து, யாரென்றே தெரியாத ஆளைப் பீரோ இருக்கிற அறைக்கு அனுப்புவதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதே பெயர்தான். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிற கோப்பு கணினியில் எதையும் செய்யலாம்.

ஸ்டாப், டிஜேவு என்ற பெயர்களில் அறியப்படுகிற ரான்சம்வேர் குடும்பம் பல வருஷமாகப் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் கோப்புகளும், போலி உரிம எண் தயாரிக்கிற கீஜென் கோப்புகளும் வழியாகத்தான். அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதத்தை வைக்கும்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 டாலர். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கிற பழைய நிழல் பிரதிகளையும் அழித்துவிடும். கூடவே, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் இன்னொரு நிரலையும் இறக்கிவிடுவது உண்டு. நெட் பேங்கிங்கும் ஜி.எஸ்.டி. போர்ட்டலும் அதே கணினியில்தானே திறக்கிறோம்?

நம் தொழிலுக்கு இது எப்படி அடிக்கிறது என்று கவனியுங்கள். வேகமாக முடிக்க வேண்டுமென்பதற்காக இந்த ரான்சம்வேர் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. கல்யாண வீடியோ எடுக்கிறவரின் 4 ஜிபி கோப்பில் தலைப்பகுதி மட்டும் போகும். கஷ்டப்பட்டால் மீதியை மீட்கலாம். நம் டி.எஸ்.டி. கோப்பு மொத்தமே 30 கேபி. தலையிலிருந்து கால்வரை போய்விடும். இணையத் தொடர்பு கிடைக்காத நேரத்தில் அது பொதுவான ஒரு சாவியால் பூட்டியிருந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிற கருவி திறக்க வாய்ப்புண்டு. சர்வரோடு பேசி, கணினிக்கொரு தனிச் சாவியால் பூட்டியிருந்தால் திறக்க வழியில்லை. இதில் மனசு ஆறாத விஷயம், பத்தாயிரம் டிசைன் வைத்திருந்தாலும் மொத்தம் 300 எம்பிதான். பென்டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அந்தப் பென்டிரைவைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் வழியாகவும் இது வரும். 2013 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், உரிமம் இல்லாத மென்பொருளைப் பயன்படுத்தி ஆடை தயாரித்து அங்கே விற்பது முறையற்ற போட்டி என்று சொல்லி வழக்குப் போட்டார். பிரதிவாதிகளில் ஒன்று இந்திய ஆடை நிறுவனம், ஒன்று சீன நிறுவனம். வாஷிங்டன் மாநிலம் 2011-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. மென்பொருள் வாங்கி ஓட்டுகிற போட்டியாளரை விட, வாங்காமல் ஓட்டுகிறவருக்குச் செலவு குறைவு. அந்தக் குறைவு சட்டையின் விலையில் வந்து நிற்கிறது என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பார்த்தால், தெருக்கோடியில் ஒழுங்காக வாங்கி வைத்திருக்கிற சின்ன யூனிட் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வாதமும் இதுதான். மென்பொருள் கம்பெனிக்குக் கூலி பாக்கி வைத்தோம், பக்கத்து யூனிட்டின் ஆர்டரையும் சேர்த்து எடுத்தோம்.

நம் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, மீறல் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. அதே பிரிவிலேயே, லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம் என்றும் இருக்கிறது. ஆக, வைத்துச் சம்பாதிக்கிறவரையும் சம்பாதிக்காதவரையும் சட்டமே ஒரே தராசில் நிறுத்தவில்லை.

அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மென்பொருள் விலை டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது. நம் கூலி ரூபாயில் வருகிறது. அங்கே ஒரு நாள் சம்பளத்தில் முடிகிற சந்தா, இங்கே ஒரு மாதச் சம்பளத்தைத் தின்னும். இதை மறைத்துவிட்டு ஒழுக்கம் பேசுவது சரியில்லை. ஈரோட்டில் கல்லூரி முடித்துவிட்டு, வேலை கிடைப்பதற்காக ஒரு வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொள்கிற பெண்ணையும், ஒரே நேரத்தில் 20 துணியில் தைக்கிற 20 ஹெட் மிஷின் நான்கு வைத்து இரண்டு ஷிஃப்ட் ஓட்டுகிற முதலாளியையும் ஒரே வாயால் திட்டக் கூடாது. மிஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவரின் கணக்கில், அதை ஓட்டுகிற மூளைக்கு மட்டும் இடமில்லை என்பதுதான் பொறுக்க முடியாத விஷயம்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நேர்வழி இருக்கிறது, பலருக்கும் அது தெரியாமலே கிராக்குக்குப் போகிறார்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் வரைபட மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒரு முழுப் படத்தை எடிட் செய்யலாம். கணக்கு எழுதுகிற டேலியில் கல்வி முறை என்று ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமலே திறக்கும், மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு போட விடும். கணக்குக் கற்றுக்கொள்ள அது தாராளம். கடை நடத்தத்தான் போதாது, போதாதபடிதான் செய்திருக்கிறார்கள்.

கிராக் பெரிய நிறுவனத்தைத்தான் அடிக்கிறது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கணுங்க. 1976-இல் பில் கேட்ஸ், தன் பேசிக் மென்பொருளைப் பணம் கொடுக்காமல் பிரதி எடுக்கிறார்கள் என்று கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதே ஆள் 1998-இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடப் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிக்கொள்வார்கள், பிற்பாடு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருள்பட வெளிப்படையாகவே சொன்னார். 22 வருஷத்தில் அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர் டிசைன் சென்டர்கள் எல்லாம் கிராக் போட்டு ஒரே மென்பொருளைச் சொல்லிக் கொடுப்பதால், வேலைக்கு எடுக்கிறவர் அதையே கேட்கிறார், படிக்கிறவர் அதையே படிக்கிறார். உண்மையில் அடி வாங்குவது நூறு ரூபாய்க்கு மாற்று செய்து விற்க வந்த சின்ன ஆளும், விலையே இல்லாமல் கொடுக்கிற கட்டற்ற மென்பொருளும்தான். இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளோடு சேர்ந்து ஓடுகிற எம்பிராய்டரி நிரலான இங்க்/ஸ்டிச்சில் சாட்டின் இருக்கிறது, அண்டர்லே இருக்கிறது, இழுப்புக்கான ஈடும் இருக்கிறது, டி.எஸ்.டி. கோப்பாகவும் வெளியே எடுக்கலாம். பெரிய யூனிட்டின் எல்லா வேலைக்கும் அது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லோகோ வேலை செய்கிற ஒற்றை ஹெட்காரருக்கு அதை யாரும் தமிழில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காததற்குக் காரணம், கிராக் சும்மா கிடைத்ததுதான்.

தமிழ் எழுத்துருக்கள் கதையும் இதேதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எல்லாக் கடையிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பணம் கொடுத்து வாங்கியது எத்தனை? தமிழ் எழுத்துரு வரைகிறவருக்கு உகர, ஊகாரம் மட்டுமே பெரிய வேலை. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றிலும் கொம்பும் சுழியும் வேறுவேறாகச் சேரும். 18 மெய்க்கு இரண்டாக 36 வடிவங்களைத் தனித்தனியாக வரைய வேண்டும், அதுவும் தடித்த எழுத்துக்கு மறுபடி ஒரு தரம். நோட்டோ, கேடமரன், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வருகின்றன. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், யாருக்கும் பாக்கி கிடையாது.

சினிமாவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் கட்டிய கோயம்புத்தூரில், படத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. தியேட்டரில் செல்போனில் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: டிஜிட்டல் புரொஜெக்ஷனில் ஒவ்வொரு 5 நிமிடப் படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் 35 பிட் தகவல் கலந்திருக்கிறது. 16 பிட் நேரம், 19 பிட் எந்தக் கருவி என்பது. எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று கண்டுபிடிக்கலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். அதே நேரத்தில், தமிழ்நாட்டில் 2004-இல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் சி.டி. விற்றவரை வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்பது குற்றத்துக்கு ஏற்ற அளவு அல்ல. கூலி பாக்கிக்குத் தண்டனை வேண்டும், ஆளையே முடக்குகிற தண்டனை வேண்டாம்.

பிரதி எடுப்பதெல்லாம் பாவம் என்ற பக்கத்துக்கும் போய்விடக் கூடாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நூல் எல்லாருக்கும் பொது. அதற்கும் முன்னாலேயே பொதுவாக்க நாம் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறோம், அதுதான் நாட்டுடைமை. பாரதியின் பாட்டுகளை 1949-இல் அரசு வாங்கியது, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பத்துக்குப் பரிவுத் தொகை கொடுத்து நூல்களை விடுவித்திருக்கிறது. எழுதியவர் வீட்டுக்குக் கூலியும் போகிறது, படிக்கிறவர் கைக்குப் புத்தகமும் வருகிறது. மென்பொருளிலும் இப்படி நடந்திருக்கிறது. 2002-இல் பிளெண்டரின் மூல நிரல் முதலீட்டாளர்கள் கையில் முடங்கிக் கிடந்தபோது, பயன்படுத்துகிறவர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதை விடுவித்தார்கள். இன்றைக்கு அது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் முப்பரிமாண மென்பொருள். கிராக் போட்ட நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே கணக்கு.

பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற 2012 முதல் நம் சட்டமே அனுமதிக்கிறது. நேர்மையாக வாங்கிய மென்பொருளைக் காப்புக்காகப் பிரதி எடுத்து வைக்கலாம். வாங்கியவருக்கும் நியாயம் இருக்கிறது. 2009-இல் அமேசான், வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்து வாங்கிய நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து சொல்லாமல் அழித்துவிட்டுப் பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. விற்ற சரக்கைச் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போவதும் அதே அநியாயம்தான், பக்கம்தான் வேறு.

சரி, திங்கட்கிழமை காலையில் யூனிட்டுக்குப் போனதும் எங்கே தொடங்குவது? முதலில் ஒரு நோட்டில் எத்தனை கணினி, ஒவ்வொன்றிலும் என்ன என்ன மென்பொருள், எதற்குப் பில் இருக்கிறது என்று எழுதுங்கள். விண்டோஸைச் சோதிக்க, கமாண்ட் விண்டோவில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டி-எல்-ஐ என்று அடியுங்கள். வருகிற பெட்டியில் ஓ.இ.எம். (கணினியோடு வந்தது) அல்லது ரீடெய்ல் (தனியாக வாங்கியது) என்றிருந்தால் நல்லது. கே.எம்.எஸ். கிளையண்ட் என்றும், 180 நாளில் முடியும் என்றும் காட்டினால், அது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரில் வைத்துக்கொள்கிற முறை. பத்துக்குப் பத்து அறையில் இருக்கிற கடைக்கு அது வர வழியில்லை. யாரோ ஆக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கீயும் உரிமம் ஆகாது. இன்னொரு நிறுவனத்தின் கூட்டு உரிமத்திலிருந்து உருவியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பிறகு, எந்த மென்பொருளை நாள் முழுக்கத் திறக்கிறோம், எதை வாரத்துக்கு ஒரு முறை திறக்கிறோம் என்று பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை திறப்பதையெல்லாம் முதலில் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றலாம். கடிதமும் விலைப்பட்டியலும் லிப்ரே ஆஃபீஸில் ஓடும். பெரிய மென்பொருளுக்கு ஒரு கணினிக்கான உரிமம் மட்டும் வாங்கினால் போதும். பகல் ஷிஃப்ட்காரரும் இரவு ஷிஃப்ட்காரரும் ஒரே கணினியில் மாறி மாறி உட்காரலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் வரைந்ததை நேராக நிறம் பிரித்து எடுத்தால் கருப்பு நான்கு நிறத்திலும் சிதறி வரும். வரைந்ததை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய், நிறத்தை அங்கே ஸ்பாட் நிறமாக, அதாவது தனி மையாக அச்சாகும் நிறமாக மாற்றி, பி.டி.எஃப். எடுத்துக் கொடுங்கள். பழக ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தை ஆர்டர் குறைந்த காலத்தில் வையுங்கள், தீபாவளிக்கு முந்தின மாதத்தில் வேண்டாம்.

டாங்கிள் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள், உரிமத்தைப் பெயர் மாற்றித் தர நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு பணம் கொடுங்கள்.

உங்கள் டிசைனைக் காப்பதும் இதே நோட்டில் அடுத்த பக்கம். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனைப் பதியாமல் விட்டுவிட்டு, தொழில் முறையில் 50 பிரதிக்கு மேல் ஓட்டிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அதன்மேல் இருந்த பதிப்புரிமை போய்விடும். 20 ஹெட் மிஷினில் 50 பிரதி என்பது மூன்று ஓட்டம். அதனால் நாலு சீசனுக்கு ஓடும் என்று தெரிகிற சொந்த டிசைனைச் சந்தையில் காட்டுவதற்கு முன்பே 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்துவிடுங்கள். 10 ஆண்டு காப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். மற்றதற்குப் பில்லிலேயே எழுதுங்கள்: கொடுப்பது டி.எஸ்.டி. மட்டுமா, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் சேர்த்தா, இன்னொரு யூனிட்டுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று. வாய்ப்பேச்சில் விட்டால்தான் வாட்ஸ்அப்பில் போகிறது.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்து ஓர் அம்மா கேட்டார்: "இத்தன வருஷமா கிராக்ல போட்ட டிசைன் எல்லாத்தையும் அழிச்சிரணுங்களா?"

வேண்டாங்க அம்மா. அந்த டிசைன் உங்கள் உழைப்பு, உங்களுடையது. பாக்கி இருப்பது கருவிக்குத்தான், டிசைனுக்கு இல்லை. ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு டிசைனையும் டி.எஸ்.டி.யாகவும், வெளிக்கோடுகளை எஸ்.வி.ஜி.யாகவும் வெளியே எடுத்து வையுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு அந்தந்த மென்பொருளில்தான் ஒழுங்காகத் திறக்கும், டி.எஸ்.டி. எந்த மிஷினிலும் ஓடும். டி.எஸ்.டி.யில் நிறம் நிற்காது என்று சொன்னேன் இல்லையா, அதனால் நூல் நம்பர்களை ஒரு தாளில் எழுதி அதே பெயரில் போட்டோ எடுத்துச் சேர்த்து வையுங்கள். எல்லாம் எடுத்த பிறகு பென்டிரைவை நல்ல கணினியில் ஒரு தரம் ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் பழைய கணினியை முழுசாக ஃபார்மேட் செய்யுங்கள்.